கிராண்ட் பியானோவுக்கு டிஜிட்டல் பியானோ ஈடாகுமா? விரலுக்கு மட்டும் தெரியும் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

2020-ம் ஆண்டு ஜனவரி மாத இறுதி. கனடாவைச் சேர்ந்த பியானோ கலைஞர் ஏஞ்சலா ஹியூவிட், ஜெர்மனியின் பெர்லின் நகரில் பீத்தோவன் இசையை ஒலிப்பதிவு செய்து முடித்திருந்தார். அவர் வாசித்தது அவருடைய சொந்த பியானோ. அதை ஸ்டூடியோவில் இருந்து எடுத்துச் செல்ல வந்த ஆட்கள், தூக்கும்போது கீழே போட்டுவிட்டார்கள்.

உள்ளே இருந்த வார்ப்பிரும்புச் சட்டமே உடைந்துபோனது. இத்தாலியின் ஃபாஸியோலி நிறுவனம் செய்த எஃப்278 ரக கிராண்ட் பியானோ அது. வழக்கமான 3 பெடலுக்குப் பதிலாக 4 பெடல் வைத்தது. அந்த ரகத்தில் 4 பெடலோடு உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். 2003-ல் இருந்து ஐரோப்பாவில் அவர் செய்த ஒலிப்பதிவுகள் எல்லாம் அதில்தான். நிறுவனர் பாவ்லோ ஃபாஸியோலியும் அவரது குழுவினரும் பார்த்துவிட்டு, இனி இதைச் சரிசெய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நெருங்கிய தோழரை இழந்ததுபோல் இருக்கிறது என்று ஹியூவிட் ஃபேஸ்புக்கில் எழுதினார்.

ஒரு இசைக்கருவிக்கு இவ்வளவு துக்கமா என்று தோன்றலாம். இன்றைக்குச் சுமார் 50,000 ரூபாய் டிஜிட்டல் பியானோவிலேயே, பட்டனைத் தட்டினால் கான்சர்ட் கிராண்ட் ஒலி வருகிறது. ஹெட்போனில் கண்ணை மூடிக் கேட்டால் நம்மில் பலருக்கு வித்தியாசமே தெரியாது. பிறகு எதற்குக் கால் டன், அரை டன் எடையில் ஒரு மரப்பெட்டி?

கேட்பவருக்கு இருக்கும் வித்தியாசம் வேறு, வாசிப்பவருக்கு இருக்கும் வித்தியாசம் வேறு. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. குழந்தைக்குப் பியானோ வாங்கப்போகும் பெற்றோருக்கும் இது பணத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், கொஞ்சம் உள்ளே இறங்கியே பார்க்கலாம்.

கட்டையை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது?

பியானோவில் மொத்தம் 88 கட்டைகள். வெள்ளை 52, கறுப்பு 36. ஒரு கட்டையை அழுத்தினால் அது சுமார் 10 மில்லிமீட்டர் மட்டுமே கீழே இறங்கும். அந்தச் சின்ன அசைவை உள்ளே இருக்கும் நெம்புகோல்கள் பெரிதாக்கி, ஃபெல்ட் எனப்படும் அழுத்திய கம்பளி போர்த்திய ஒரு சுத்தியலைக் கம்பியை நோக்கி எறிகின்றன. விரல் போகும் வேகத்தைப்போல ஏறக்குறைய 5 மடங்கு வேகத்தில் சுத்தியல் போகிறது.

'எறிகின்றன' என்பது சும்மா அலங்காரத்துக்குச் சொன்ன வார்த்தை அல்ல. கம்பியைத் தொடுவதற்கு ஓரிரு மில்லிமீட்டர் இருக்கும்போதே சுத்தியல் விரலின் பிடியில் இருந்து விடுபட்டுவிடுகிறது. கடைசித் தூரத்தை அது தானாகவே பறந்து கடக்கிறது. அடித்த உடனே திரும்பியும் விழுகிறது. அப்படி விழாமல் கம்பியிலேயே ஒட்டி நின்றால் சத்தம் செத்துவிடும் அல்லவா? 1700-ம் ஆண்டுவாக்கில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பார்த்தோலோமியோ கிறிஸ்டோஃபோரி கண்டுபிடித்த சூட்சுமம் இதுதான். அவர் செய்த பியானோக்களில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்று. அவற்றில் பழையது, 1720-ல் செய்தது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்த பெரிய மாற்றம் 1821-ல் வந்தது. பிரான்ஸில் பியானோ செய்துகொண்டிருந்த செபாஸ்டியன் எரார் ஒரு கூடுதல் நெம்புகோலைச் சேர்த்தார். கட்டை முழுசாக மேலே வருவதற்கு முன்பே அதே ஸ்வரத்தை மறுபடி அடிக்க அது வழி செய்தது. லிஸ்ட்டின் 'லா கம்பனெல்லா' போன்ற படைப்புகளில் ஒரே ஸ்வரம் மழைபோல் கொட்டுவதற்கு இந்த அமைப்புதான் துணை. கிராண்ட் பியானோவில் கம்பிகள் படுக்கையாக இருப்பதால், சுத்தியல் தன் எடையிலேயே கீழே விழுந்துவிடும். சுவரோரமாக நிற்கும் அப்ரைட் பியானோவில் கம்பிகள் நிற்பதால், சுத்தியலைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங்கும் பட்டையும் தேவை. அதனால்தான் வேகமாகத் திருப்பி அடிப்பதில் அப்ரைட் கொஞ்சம் திணறும். 'அகூஸ்டிக் என்றாலே உசத்தி' என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் யோசிக்கணும். கிராண்டின் அமைப்பை அப்படியே பின்பற்றிய ஒரு நல்ல டிஜிட்டல், இந்த ஒரு விஷயத்தில் சாதாரண அப்ரைட்டை முந்திவிடும்.

டிஜிட்டலில் சுத்தியலே இல்லையா?

பெரும்பாலான டிஜிட்டல் பியானோக்களில் எடைக்காக ஒரு சுத்தியல் போன்ற பாகம் இருக்கும். ஆனால் அது அடிப்பதற்குக் கம்பி இல்லை. கட்டைக்கு அடியில் 2 அல்லது 3 சென்சார்கள் இருக்கின்றன. முதல் சென்சாரில் இருந்து அடுத்த சென்சாருக்குக் கட்டை எவ்வளவு நேரத்தில் போனது என்று கணக்குப் போட்டு, 'இது இவ்வளவு பலமான அடி' என்று கருவி முடிவு செய்கிறது. பிறகு அந்த அளவுக்குப் பொருத்தமான ஒலியை நினைவகத்தில் இருந்து எடுத்து ஸ்பீக்கரில் விடுகிறது.

அந்த ஒலி எங்கிருந்து வந்தது? உண்மையான கிராண்ட் பியானோ ஒன்றை ஸ்டூடியோவில் வைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக எனப் பல அளவுகளில் அடித்து முன்பே பதிவு செய்தது. இதற்குப் பெயர் சாம்பிளிங். இந்தத் தொழில்நுட்பத்தில் பெரிய பெயர் வாங்கிய ஆரம்பகாலக் கருவி 1984-ல் வந்த குர்ஸ்வைல் கே250. பாடகர் ஸ்டீவி வொண்டரோடு நடந்த ஒரு உரையாடலில் இருந்துதான் அதற்கான யோசனை பிறந்தது. மின்னணு இசைக்கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மிடி என்ற பொது மொழி 1983-ல் வந்தது. அதில் ஒரு அடியின் பலத்தைக் குறிக்க 127 படிகள் உண்டு. இப்போதைய கருவிகள் சில இதைவிட நுணுக்கமாகவும் அளக்கின்றன.

பதிவு செய்த ஒலியே வேண்டாம், கம்பி எப்படி அதிரும் என்பதைக் கணக்குப் போட்டே ஒலியை உருவாக்கலாம் என்று போனவர்களும் உண்டு. பியானோடெக் மென்பொருள் 2006-லும், ரோலண்டின் வி-பியானோ 2009-லும் அந்த வழியில் வந்தன. அதே 2009-ல் யமஹா, உண்மையான கிராண்ட் பியானோவின் மர நெம்புகோல் அமைப்பை வைத்து, கம்பிக்குப் பதில் சென்சார் பொருத்திய அவான்ட்கிராண்ட் வரிசையைக் கொண்டுவந்தது. அதாவது, டிஜிட்டல் என்ற ஒரே பெயருக்குள் 50,000 ரூபாய் கருவியும் இருக்கிறது, பல லட்ச ரூபாய் கருவியும் இருக்கிறது. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி வீண்.

3 விரலில் ஒரு சோதனை

எங்காவது நல்ல கிராண்ட் பியானோ கிடைத்தால் இதைச் செய்து பார்க்கலாம். வலது கையால் நடுப்பகுதியில் ஸ, க, ப போல 3 கட்டைகளைச் சத்தமே வராதபடி மெல்ல அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கையால் கீழ் ஸ்தாயி ஸட்ஜமத்தைப் பலமாக ஒரு தட்டுத் தட்டி உடனே எடுத்துவிடுங்கள். தட்டிய ஸ்வரம் நின்றுவிடும். ஆனால் நீங்கள் அடிக்கவே அடிக்காத அந்த 3 ஸ்வரங்களும் மெலிதாகப் பாடிக்கொண்டிருக்கும்.

தம்புரா வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே சுருதியில் இருக்கும் நடுத் தந்திகளில் ஒன்றை மீட்டினால் பக்கத்துத் தந்தியும் அதிரும். பியானோவில் அப்படி சுமார் 230 கம்பிகள். கீழ் ஸ்தாயியில் ஸ்வரத்துக்கு ஒரு கம்பி, பிறகு இரண்டு, நடுவில் இருந்து மேலே மூன்று மூன்று. எல்லாம் சேர்ந்து சட்டத்தின் மீது கொடுக்கும் இழுவிசை சுமார் 20 டன். அதைத் தாங்கத்தான் வார்ப்பிரும்பு. அந்தக் கம்பிகள் எல்லாம் ஒரே ஒலிப்பலகையின் மீது உட்கார்ந்திருக்கின்றன. ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த அந்தப் பலகை, பெரிய கிராண்டில் ஒரு கட்டில் பரப்புக்கு வரும். ஒரு ஸ்வரத்தை அடித்தால் பலகை முழுக்க அசைகிறது. பலகை அசைந்தால் மற்ற கம்பிகளும் அசைகின்றன. வலது பெடலை மிதித்தால் எல்லாக் கம்பிகளும் திறந்துகொள்ளும். அப்போது அடிக்கும் ஒவ்வொரு ஸ்வரமும் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்துக்குள் போய் விழுகிறது.

நல்ல டிஜிட்டல் பியானோக்கள் இதையும் கணக்குப் போட்டுச் சேர்க்கின்றன. மேலே சொன்ன 3 விரல் சோதனையை அவற்றில் பல பாஸ் செய்துவிடும். மலிவான மாடல்கள் தோற்றுவிடும். ஆனாலும் எவ்வளவு கணக்குப் போட்டாலும் அது கடைசியில் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் வழியாகத்தான் வெளியே வரணும். கட்டில் அளவு பலகை காற்றைத் தள்ளுவதும், சின்ன ஸ்பீக்கர் காற்றைத் தள்ளுவதும் காதுக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் வேறு. கிராண்டில் அதிர்வு கட்டை வழியாக விரல் நுனிக்கும், தரை வழியாகக் காலுக்கும் திரும்பி வருகிறது. அடுத்த ஸ்வரத்தை எவ்வளவு அழுத்தணும் என்று கை முடிவு செய்வதே இந்தப் பதிலைக் கேட்டுத்தான்.

குடை நுனியால் தட்டினாலும் ஒன்றுதானா?

இங்கே ஒரு பழைய சண்டையைச் சொல்லியே ஆகணும். சுத்தியல் கடைசியில் தானாகத்தான் பறக்கிறது என்றால், விரல் அதற்கு வேகத்தைத் தவிர வேறு எதையும் தர முடியாதே? அப்படியானால் 'தொடுகை', 'மென்மை' என்று கலைஞர்கள் சொல்வதெல்லாம் கற்பனையா? பிரிட்டன் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் 1930-களில் இதைக் கிண்டலாகவே எழுதினார். ஒற்றை ஸ்வரத்தைப் பொறுத்தவரை, மாமேதை பாதெரெவ்ஸ்கி விரலால் தட்டினாலும் குடை நுனியால் தட்டினாலும் வித்தியாசம் இல்லை என்பது அவர் வாதம்.

பாதி சரி. ஆனால் விரல் கட்டையில் மோதும் சத்தம், கட்டை அடித்தளத்தில் இடிக்கும் 'டொக்' சத்தம் ஆகியவையும் ஒலியோடு கலக்கின்றன. கட்டை அடியில் இடிக்கும் அந்தச் சத்தத்தைக் கொண்டு கேட்பவர்களால் தொடுகையை வேறுபடுத்த முடிகிறது என்று வெர்னர் கோப்ல் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதோடு, யாரும் ஒற்றை ஸ்வரத்தை வாசித்துவிட்டு எழுந்து போவதில்லை. பத்து விரலும் ஒரே நேரத்தில் இறங்கும்போது அதில் ஒரு விரலை மட்டும் தூக்கலாகக் கேட்க வைப்பது, முந்தின ஸ்வரம் எங்கே முடியணும் என்று தீர்மானிப்பது, இவைதான் கலை. ஜீன்ஸின் குடைக்கு அது வராது.

கிராண்டுக்கும் டிஜிட்டலுக்கும் கை உணரும் வித்தியாசம் அதிகம் தெரிவது பலமாக வாசிக்கும்போது அல்ல, மிக மெதுவாக வாசிக்கும்போது. கிராண்டில் ஒரு கட்டையை ரொம்ப மெல்ல அழுத்தினால், அடியை நெருங்கும்போது ஒரு சின்னத் தடை தட்டுப்படும். சுத்தியல் விடுபடும் இடம் அது. தேர்ந்த கலைஞர்கள் அந்தத் தடைக்குப் பக்கத்திலேயே விரலை நிறுத்தி, சத்தம் வருமா வராதா என்ற எல்லையில் வாசிப்பார்கள். கொஞ்சம் குறைந்தால் ஸ்வரம் ஒலிக்காமலே போய்விடும். அந்த ஆபத்து இருப்பதால்தான் அந்த மென்மைக்கு மதிப்பு. டிஜிட்டல் தயாரிப்பாளர்கள் அந்தத் தடையைப் போலியாகச் செய்து வைக்கிறார்கள். சில கருவிகளில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பல மாடல்களில், எப்படித் தொட்டாலும் ஏதோ ஒரு சத்தம் வந்துவிடும். கருவி வாசிப்பவரை மன்னித்துவிடுகிறது.

கட்டையின் நீளமும் கவனிக்கப்படாத ஒரு விஷயம். வெளியே தெரியும் கட்டை சுமார் 15 சென்டிமீட்டர். கிராண்டில் அதைவிட நீளமான பகுதி உள்ளே மறைந்திருக்கிறது. சீசா பலகைபோல, தாங்கும் புள்ளி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு எளிதாகக் கட்டையின் உள் ஓரத்திலும் அழுத்த முடியும். சின்ன டிஜிட்டல் கருவிகளில் தாங்கும் புள்ளி பக்கத்திலேயே இருப்பதால், கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே விரலை நுழைத்து அழுத்தும்போது கட்டை கல்போல இருக்கும். ஆரம்பப் பாடங்களில் இது தெரியாது. நான்கைந்து கிரேடு தாண்டியதும் கை வலிக்க ஆரம்பிக்கும்.

இடது பெடலும் அப்படித்தான். கிராண்டில் அதை மிதித்தால் கட்டைகள் மொத்தமும் கண்ணெதிரே லேசாக வலப்பக்கம் நகரும். சுத்தியல் 3 கம்பிக்குப் பதில் 2 கம்பியை மட்டும் அடிக்கும், அதுவும் ஃபெல்ட்டின் தேயாத பகுதியால். சத்தம் குறைவதோடு குணமே மாறுகிறது. டிஜிட்டலில் எதுவும் நகராது, ஒலி மட்டும் மாறும்.

எல்லா கிராண்டும் நல்ல கிராண்டா?

நிச்சயமாக இல்லை. வயலின் கலைஞர் தன் கருவியைக் கையோடு கொண்டுபோகிறார். பியானோ கலைஞர் போகும் ஊரில் இருப்பதைத்தான் வாசிக்க வேண்டும். விளாடிமிர் ஹோரோவிட்ஸ் 1986-ல் மாஸ்கோவுக்குப் போனபோது தன் ஸ்டெயின்வேயையும் கூடவே கொண்டுபோனார். ஆனால் எல்லாரும் ஹோரோவிட்ஸ் ஆக முடியுமா?

1975 ஜனவரி 24 அன்று, ஜெர்மனியின் கொலோன் நகர ஓபரா அரங்கில் அமெரிக்கக் கலைஞர் கீத் ஜாரெட்டுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். அவர் கேட்டது பெரிய பியூசன்டோர்ஃபர் கிராண்ட். மேடையில் இருந்ததோ சின்னது. மேல் ஸ்தாயி தகரம்போல ஒலித்தது, கீழ் ஸ்தாயியில் பலம் இல்லை, பெடலும் சரியில்லை. வாசிக்கவே மறுத்தவர், பிறகு சம்மதித்து உட்கார்ந்தார். நடு ஸ்தாயியையே சுற்றிச் சுற்றி, இடது கையில் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, இல்லாத பலத்தை ஈடு செய்தார். அந்தப் பதிவுதான் 'தி கொலோன் கான்சர்ட்'. தனி பியானோ ஆல்பங்களில் மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று. இந்தக் கதையைப் பலரும் 'மோசமான பியானோ போதும்' என்பதற்கு ஆதாரமாகச் சொல்வார்கள். அப்படி இல்லை. கருவி என்ன பதில் சொல்கிறது என்று கேட்டு, அதற்கு ஏற்பக் கை மாறியது. டிஜிட்டலிலேயே வளர்ந்த கைக்குக் குறைவாகக் கிடைக்கும் பயிற்சியும் அதுதான். ஏன்னா டிஜிட்டல் பியானோ நேற்றுபோலவே இன்றும் இருக்கும், இன்றுபோலவே நாளையும்.

சென்னை வீட்டில் எது தாங்கும்?

மழை நாளில் மிருதங்கத்தின் சுருதி என்ன பாடு படும் என்று நமக்குத் தெரியும். பியானோவும் மரமும் ஃபெல்ட்டும்தான். காற்றில் ஈரம் ஏறினால் ஒலிப்பலகை உப்பும், கம்பிகள் இறுகும், சுருதி ஏறும். காய்ந்தால் இறங்கும். பியானோவுக்கு உகந்த ஈரப்பதம் சுமார் 40 முதல் 50 சதவீதம் என்பார்கள். கடலோர ஊர்களில் அதற்கு மேலேதான் எப்போதும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், கட்டைகள் இறுகி மேலே வராமல் சிக்கிக்கொள்ளும். பிரிட்டிஷ் காலத்திலேயே வெப்ப நாடுகளுக்கென்று இணைப்புகளில் திருகு போட்டு உறுதிப்படுத்திய பியானோக்களைத் தனியாகச் செய்து அனுப்பினார்கள். சென்னை அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் கடையின் கதை 1842-ல் தொடங்குகிறது என்பதைப் பார்த்தால், இந்த ஊரின் புழுக்கத்தோடு பியானோ போராடுவது எவ்வளவு பழைய விஷயம் என்று புரியும்.

இரவு முழுக்க ஏ.சி., பகலில் ஜன்னல் திறப்பு என்பது இன்னும் மோசம். ஈரம் அதிகமாக இருப்பதைவிட, அது ஏறி இறங்குவதுதான் பியானோவுக்கு ஆகாது. வருடத்துக்கு 2 முறையாவது சுருதி சேர்க்கணும். அதற்குத் தெரிந்த ஆள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. புதிய கிராண்ட் என்றால் பல லட்சம். ஸ்டெயின்வேயின் 274 சென்டிமீட்டர் கான்சர்ட் கிராண்ட் கோடியைத் தாண்டும். அபார்ட்மென்டில் இரவு 9 மணிக்கு மேல் வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், அது வேறு.

ஆகவே வீட்டுக்கு டிஜிட்டல் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுருதி சேர்க்காமல் கிடக்கும் பழைய அகூஸ்டிக் பியானோவை 'அதுதான் ஒரிஜினல்' என்று வாங்கிப் போடுவதைவிட, நல்ல டிஜிட்டல் எவ்வளவோ மேல். தவறான சுருதியில் வளரும் காதைப் பிறகு திருத்துவது கஷ்டம்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

கடையில் விற்பனையாளர் 500 ஒலிகள், 200 தாளங்கள் என்று காட்டுவார். அதை விட்டுவிடலாம். 88 கட்டைகளும் எடை உள்ளவையா, கீழ் ஸ்தாயியில் கொஞ்சம் கனமாகவும் மேலே போகப்போக லேசாகவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு மிக மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒலியில் படிப்படியான மாற்றம் வருகிறதா, அல்லது திடீரென்று தாவுகிறதா? கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே, உள் ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். 3 சென்சார் உள்ளதா என்று கேளுங்கள். ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திருப்பி அடிக்கும்போது வித்தியாசம் தெரியும்.

பெடல் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். மலிவான கருவிகளோடு வரும் பெடல், லைட் சுவிட்ச் மாதிரி: ஒன்று ஆன், இல்லை ஆஃப். உண்மையான பியானோவில் பெடலைப் பாதி, கால்வாசி என்று மிதிப்பதே தனிக் கலை. பாதிப் பெடலை உணரும் கருவியா என்று உறுதி செய்துகொண்டு, தேவைப்பட்டால் பெடலைத் தனியாக வாங்குவது நல்லது.

ட்ரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் தேர்வு எழுதப்போகும் குழந்தை என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. வீட்டில் 4 வருடம் டிஜிட்டலில் வாசித்த குழந்தை, தேர்வு அறையில் முதல்முறையாகக் கிராண்ட் முன்னால் உட்காரும்போது இரண்டில் ஒன்று நடக்கும். மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் ஸ்வரங்கள் விழுந்துவிடும். அல்லது, ஸ்பீக்கரின் சத்தத்தைப் பட்டனில் கூட்டிப் பழகிய கை, அந்தப் பெரிய சத்தத்தைக் கேட்டுப் பயந்து சுருங்கிவிடும். இரண்டுக்கும் காரணம் திறமைக் குறைவு அல்ல, பழக்கம் இல்லாததுதான். தேர்வுக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் வாசித்து இது சரியாகாது. ஆசிரியரின் பள்ளியிலோ, பியானோ உள்ள தேவாலயத்திலோ, வாடகைக்கு அறை தரும் இடத்திலோ, மாதத்துக்கு 2 முறையாவது கிராண்டிலோ நல்ல அப்ரைட்டிலோ வாசிக்க ஏற்பாடு செய்வது பலன் தரும். போகும்போது புதிய பாடத்தைக் கொண்டுபோக வேண்டாம். நன்றாகத் தெரிந்த, மெதுவான ஒரு பாடம் போதும். மூடியைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று குழந்தை எட்டிப் பார்க்கட்டும்.